சுருள் ஆன்டெனாவும் நானோவிஎன்ஏ கருவியும்

செயற்கைக்கோள்களைக் கேட்கும் வானொலி ஆர்வலர்கள் 437 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தும் சுருள் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய 140 ஓம். ரேடியோவுக்குப் போகும் கேபிளோ 50 ஓம். இரண்டையும் அப்படியே இணைத்தால் நிலையலை விகிதம் 2.8 ஆகும், அனுப்பும் திறனில் 22 சதவீதம் திரும்பி வரும். இதை அளக்க உதவும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் (விஎன்ஏ) நீண்ட காலம் ஆய்வகங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான கருவியாக இருந்தது. ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் வடிவமைத்து, 2019 முதல் சீனத் தயாரிப்பாகப் பரவிய நானோவிஎன்ஏ அதே வேலையைச் சில ஆயிரம் ரூபாயில் செய்கிறது.

மும்பையில் இந்த ஆர்வத்துக்கு முன்னோடி உண்டு. பவாய் ஐஐடி மாணவர்கள் உருவாக்கிய 'பிரதம்' செயற்கைக்கோள் 2016 செப்டம்பர் 26 அன்று பிஎஸ்எல்வி-சி35 ராக்கெட்டில் ஏறியது. அயனி மண்டலத்தைக் கடக்கும் அலையின் அதிர்வுத்தளம் சுழல்வதை வைத்து அங்குள்ள எலெக்ட்ரான் அளவைக் கணிப்பது அதன் நோக்கம். வட்ட முனைவாக்கம் கொண்ட சுருள் ஆன்டெனா அந்தச் சுழற்சியைக் கண்டுகொள்ளாது. ஆகவே பிரதமின் ஆய்வுக்கு அது உதவாது; சிக்னல் மங்காமல் கேட்டால் போதும் என்பவருக்கு அதுவே வசதி.

437 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 68.6 செ.மீ. சுருளின் சுற்றளவு ஓர் அலைநீளம் என்றால் விட்டம் 22 செ.மீ. வருகிறது. பின்னால் அரை மீட்டர் அகல உலோகத் தட்டு வேண்டும். கம்பி, கனெக்டர், கேபிள் எல்லாம் மும்பை லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும்.

அளவீட்டில் முக்கியமான படி காலிபரேஷன். கருவியோடு வரும் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் கருவியின் வாயிலில் மாட்டி முடித்துவிட்டுப் பிறகு கேபிளைச் சேர்த்தால், திரையில் தெரியும் ஓம் கணக்கு ஆன்டெனாவுடையது அல்ல. இழப்பில்லாத 50 ஓம் கேபிளில் நிலையலை விகிதம் மாறாது. ஆனால் மின்தடையும் மின்மறுப்பும் கேபிளின் நீளத்துக்கேற்பப் புரண்டுவிடும். பொருத்தம் செய்யப் போகிறவருக்கு இந்த இரண்டும்தான் தேவை. எனவே கேபிளின் மறுமுனையில், ஆன்டெனா சேருமிடத்தில், மூன்றையும் மாட்டுவதே முறை. அதற்கு முன் அளக்கும் அதிர்வெண் வரம்பைக் குறுக்க வேண்டும். நானோவிஎன்ஏவின் முதல் வடிவம் 101 புள்ளிகளையே அளக்கும்: 900 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்தால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, 420 முதல் 450 வரை என்றால் 0.3 மட்டுமே.

பொருத்துவதில் மலிவான வழி கேபிள் டிவிக்காரர் இழுக்கும் 75 ஓம் கேபிள். அதில் கால் அலைநீளத் துண்டு, சுமார் 14 செ.மீ., 140 ஓமை 40 ஓமாக்கும், விகிதம் 1.25-க்குள் இறங்கும். கேபிளின் நுரைக்கேற்ப நீளம் சற்று மாறும் என்பதால், நீளமாக வெட்டித் திரையைப் பார்த்தே கத்தரிப்பது நல்லது. இதைவிடத் தேர்ந்தது, சுருள் ஆன்டெனாவை உருவாக்கிய ஜான் கிராஸ் 1977-இல் விவரித்த வழி. சுருளின் தொடக்கப் பகுதியில் பித்தளைப் பட்டையைப் பற்றவைத்துத் தட்டுக்கு அருகே தாழ்த்தினால் இம்பீடன்ஸ் படிப்படியாக 50-க்கு இறங்கும். பட்டையைச் சிறிது வளைத்தாலே, இம்பீடன்ஸைக் காட்டும் ஸ்மித் வரைபடத்தில் கோடு நகர்வது தெரியும். கருவி தன் விலையை நியாயப்படுத்துவது இந்த இடத்தில்தான்.

குறைகளும் உண்டு. 2.8 அங்குலத் திரை செம்பூர் மொட்டைமாடியின் உச்சி வெயிலில் படிக்க முடியாத அளவுக்கு மங்கும். 4 அங்குலத் திரை கொண்ட நானோவிஎன்ஏ-எச்4 வாங்குவது மேல். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கருவி ஹார்மோனிக்ஸை நம்பியிருப்பதால் துல்லியம் குறைகிறது. பக்கத்தில் செல்பேசிக் கோபுரம் இருந்தால் கோடு நடுங்கலாம். தாராவி போலத் தகரக் கூரைகள் நெருங்கிய இடத்தில், ஆன்டெனா நிலையாக நிற்கப்போகும் உயரத்திலும் திசையிலும் வைத்தே அளக்க வேண்டும். கடற்காற்றில் கனெக்டர் கறுப்பதால் மழைக்காலத்துக்குப் பின் மறு அளவீடு அவசியம்.

நல்ல நிலையலை விகிதம் நல்ல ஆன்டெனாவுக்குச் சான்று ஆகாது. 50 ஓம் லோடும் 1 என்றே காட்டும். வட்ட முனைவாக்கம் சரியா என்பதை அறிய, எதிரே சிறு இருமுனை ஆன்டெனாவிலிருந்து சிக்னல் அனுப்பி, அந்த இருமுனை ஆன்டெனாவைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கோணத்திலும் வரவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சுருள் சரி. கருவியின் இரண்டாம் வாயிலைப் பயன்படுத்தி இதையும் செய்துவிடலாம்.