நெருஞ்சிலா, தண்ணீரா, நாட்களா?

சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மூலிகையே போதும் என்று வாதிடுபவர்கள் ஆதாரமாகக் காட்டும் ஆய்வு ஒன்று 2018ல் வெளியானது. கேனெஃப்ரான் என்கிற ஜெர்மன் மூலிகை மருந்தை வைத்து நடந்தது. சென்டாரி, லவேஜ், ரோஸ்மேரி என மூன்று ஐரோப்பியச் செடிகள் சேர்ந்த மருந்து அது. மொத்தம் 659 பெண்கள். ஒரு பாதிக்கு மூலிகை 7 நாள், மறுபாதிக்கு ஃபாஸ்ஃபோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரே டோஸ். யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆய்வு நடத்திய விதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. எனக்குப் பிரச்சினை அதன் முடிவை நாம் படிக்கும் விதத்தில்தான்.

"ஆன்டிபயாட்டிக்கைவிடத் தாழ்ந்ததல்ல" என்பது முடிவு. கேட்டதும் "இரண்டும் சமம்" என்றுதானே மனசு எடுத்துக்கொள்கிறது? எண்களைப் பாருங்கள். 38 நாளுக்குள் கூடுதலாக ஆன்டிபயாட்டிக் தேவைப்படாதவர்கள் மூலிகைக் குழுவில் 83.5%, ஃபாஸ்ஃபோமைசின் குழுவில் 89.8%. அதாவது நூற்றுக்கு 10 பேர் இங்கே, 16, 17 பேர் அங்கே. இது எப்படி "தாழ்ந்ததல்ல" ஆகும்? வித்தியாசம் 15 புள்ளிக்குள் அடங்கினால் பாஸ் என்று முதலிலேயே விதி வைத்துக்கொண்டார்கள். இது மருத்துவ ஆய்வுகளில் வழக்கமான முறைதான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் புது சர்வர் பழையதைவிட 15% மெதுவாக இருந்தாலும் பாஸ் என்று டெஸ்ட் எழுதினால், அந்த 15ஐ யார் முடிவு செய்தது என்று முதலில் கேட்போம். இங்கே ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்தைத் தயாரிக்கும் பயோனோரிக்கா.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்த ஆய்வில் பிளாசிபோ மட்டும் வாங்கிய குழு என்று ஒன்று கிடையாது.

அது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு ஜெர்மன் ஆய்வைப் பார்க்கணும். 2015ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, 494 பெண்கள். இங்கே ஃபாஸ்ஃபோமைசினோடு மோதியது மூலிகை இல்லை, இபுப்ரோஃபென். வெறும் வலி மாத்திரை, கிருமியைக் கொல்வதற்கான மருந்து இல்லை. அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே தேறிவிட்டார்கள்! சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்று பெரும்பாலும் தானாகவே அடங்கக்கூடியது. அந்த ஐந்தாறு நாளில் எதைக் குடித்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும்.

(65ஐ 83.5லிருந்து கழித்து மிச்சமெல்லாம் மூலிகையின் பலன் என்று யாராவது கணக்குப் போடலாம். வேறு ஆய்வு, வேறு நோயாளிகள், வேறு விதிகள். அந்தக் கழித்தல் செல்லாது.)

பேர்பெரி என்ற குளிர்நாட்டுச் செடியின் கதை இதைவிடத் தெளிவு. ஊவா உர்சி என்ற பெயரில் இதன் இலை விற்பனையாகிறது. இலையில் இருக்கும் ஆர்பூட்டின் உடலுக்குள் ஹைட்ரோகுவினோனாக மாறி சிறுநீரில் வெளியேறுகிறது, அது கிருமிகளைக் கொல்லும் என்பது பழைய விளக்கம். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. 2021ல் வந்த ஜெர்மன் ஆய்வில் இந்த இலையின் சாறு ஃபாஸ்ஃபோமைசினோடு மோதியது. மூலிகைக் குழுவில் ஆன்டிபயாட்டிக் உபயோகம் 63.6% குறைந்தது. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண்! ஆனால் மேலே சொன்ன இபுப்ரோஃபென் ஆய்விலும் அதே அளவு இறங்கியது, 66.5%. ஆன்டிபயாட்டிக் கொடுக்காவிட்டால் ஆன்டிபயாட்டிக் உபயோகம் குறையத்தானே செய்யும்?

இதே செடியை இங்கிலாந்தில் 382 பெண்களிடம் பிளாசிபோவோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2019ல் வந்தது. நோய்க்குறிகளில் வித்தியாசம் தெரியவில்லை, ஆன்டிபயாட்டிக் உபயோகத்திலும் தெளிவான வித்தியாசம் இல்லை. செடி அதேதான், எதிரில் நின்றவர்தான் வேறு.

சரி, தானாகவே போகிற நோய்தானே, எதைக் குடித்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். 2021 ஆய்வில் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியவர்கள் மூலிகைக் குழுவில் 8 பேர், ஆன்டிபயாட்டிக் குழுவில் 2 பேர். இபுப்ரோஃபென் ஆய்வில் 5க்கு 1. கேனெஃப்ரான் ஆய்விலும் மூலிகைப் பக்கமே அதிகம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்ன எண்கள், தற்செயல் என்று தள்ளிவிடலாம். மூன்றும் ஒரே பக்கம் சாயும்போது எனக்கு அப்படித் தள்ளத் தோன்றவில்லை. காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, வாந்தி வந்தால் கஷாயத்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போய்விடணும். கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. இந்த ஆய்வுகள் அவர்களுக்காக நடந்தவை இல்லை.

இன்னொரு பக்கமும் உண்மை. இந்தியாவில் ஈ.கோலை கிருமி சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகளுக்குப் பெரிய அளவில் அடங்க மறுக்கிறது. ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க வழி தேடுவது அசட்டுத்தனம் இல்லை.

நம் ஊரில் அந்தத் தேடல் போய் நிற்பது நெருஞ்சிலிலும், பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளையிலும். "யூடிஐக்கு சித்தர்கள் சொன்ன மருந்து" என்று ஃபார்வர்டுகள் வருகின்றன. நீர்க்கடுப்பு என்பது ஒரு நோய்க்குறி. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தாலும் வரும், கல் இருந்தாலும் வரும், தொற்றாலும் வரும். நீர்க்கடுப்புக்குச் சொன்னதை அப்படியே கிருமித்தொற்றுக்கு மாற்றி எழுதுவது பழைய நூலுக்கும் மரியாதை இல்லை, நோயாளிக்கும் நல்லதில்லை. எலிகளில் சிறுநீர் பெருகியது, கல் குறைந்தது என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அவை வேறு கேள்விக்கான பதில்கள்.

அதோடு, குடிநீர் என்றால் அதில் தண்ணீரும் இருக்கிறது! 2018ல் வந்த ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப்பேரை தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு சராசரியாக 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. இது தடுப்பு பற்றிய ஆய்வு, சிகிச்சை இல்லை. பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீரும் விற்கிற டனோன், அதையும் நினைவில் வைத்துத்தான் படிக்கணும். ஆனாலும் நெருஞ்சிலைச் சோதிக்க நினைக்கும் ஆய்வாளர் இதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு குழுவுக்கு நெருஞ்சில் குடிநீர். இன்னொரு குழுவுக்கு அதே நிறத்தில், அதே சுவையில், அதே அளவு வெந்நீர். சிறுநீர் கல்ச்சரில் கிருமி உறுதியான பெண்கள் மட்டும். மூன்றாம் நாள் தேறாதவர்களுக்கு உடனே ஆன்டிபயாட்டிக். செலவும் பெரிதாக ஆகாது. இப்படி ஓர் ஆய்வு வந்தால் முதல் ஆளாக இங்கே எழுதுகிறேன், முடிவு எந்தப் பக்கம் போனாலும்.