கூப்பிய கரங்கள்

தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மும்மொழிகளும் கலந்து ஒலிக்கின்றன. ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடி வந்த வடநாட்டுத் தொழிலாளரின் மொழிகளும் இன்று அவற்றோடு சேர்ந்துள்ளன. வணக்கச் சொற்கள் வேறுபடினும், இரு உள்ளங்கைகள் நெஞ்சருகே இணையும்போது அனைவர்க்கும் பொருள் புரிந்துவிடுகிறது. இவ்வளவு பொதுவான இச்செய்கையை நாம் எவ்வாறு வழங்குகிறோம் என்பது சிந்தனைக்குரியது.

திருச்சபைக்குக் கூப்பிய கை புதிதன்று. உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் கைகளை விரித்து நின்று செபிக்கின்றனர். பின்னர் மேலை நாடுகளில், நிலக்கிழாரின் கைகளுக்குள் தம் கூப்பிய கைகளை வைத்து உறுதிமொழி கூறும் வழக்கம் எழுந்தது. குருப்பட்டம் பெறுவோர் ஆயரின் கைகளுக்குள் தம் கைகளை வைத்துக் கீழ்ப்படிதலை வாக்களிப்பதில் அதன் சாயலைக் காண்கிறோம். நம் நாட்டிலோ, 1969 ஏப்ரலில் உரோமை இசைவளித்த 12 தழுவல்கள், முழங்காலிடுதலுக்கு ஈடாகக் கைகூப்பித் தாழ வணங்குவதை வழிபாட்டில் ஏற்றன. சமாதானத்தையும் கைகூப்பிப் பகிரலாம் என்றன. இதனை அன்று எதிர்த்தோர் உண்டு. இன்றோ நம் பங்குகளில் அது இயல்பாகிவிட்டது.

ஆயினும் செய்கையின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். கைகள் கூப்பியிருப்பதாலேயே உள்ளமும் வணங்குவதாகாது. தொழுத கையினுள்ளும் படைக்கலம் ஒளிந்திருக்கலாம் என வள்ளுவர் 'கூடா நட்பு' அதிகாரத்தில் எச்சரித்தார். 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளைச் சுட்டவன், வணங்கிய பின்னரே சுட்டான். இத்தகைய கொடுமை அரிது. அன்றாடம் நாம் காண்பது வேறொன்று. தேர்தல் காலத்தில் வேட்பாளர் தெருத்தெருவாகக் கைகூப்பி வருகிறார். தேர்தல் முடிந்தபின், திங்கட்கிழமை மனுவோடு அலுவலக வாயிலில் கைகூப்பி நிற்பவர் வாக்காளரே. திரும்பி வராத வணக்கம் வணக்கமன்று. அது ஒருவரின் தேவையும் மற்றவரின் அதிகாரமுமேயாகும்.

யாருக்கு வணக்கம் உரியது என்பதிலும் பழைய வரம்புகள் உண்டு. 'அபிநய தர்ப்பணம்' என்னும் நாட்டிய நூல் தேவர்க்குத் தலைமேலும், குருவுக்கு முகத்தெதிரும், அந்தணர்க்கு மார்பருகும் கைகூப்பப் பணிக்கிறது. ஏர் பிடிப்பவர்க்கும் தெருக்கூட்டுபவர்க்கும் அவ்வரிசையில் இடமில்லை.

இதனினும் கூர்மையான வினா ஒன்றுண்டு. கைகூப்புதல் தொடாமல் வணங்குவது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் எசுப்பானிய அரசரைப் பாரிசில் கைகூப்பி வரவேற்றார். உலகம் அதனைப் பாராட்டியது. நாமும் பெருமிதம் கொண்டோம். நோய்க்காலத்தில் அவ்விடைவெளி அன்பின் அடையாளமே. ஆனால் தீண்டாமை வேரோடிய நம் மண்ணில், தொடாதிருப்பதற்கு வேறு காரணங்களும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. திருப்பலியில் இடமும் வலமும் திரும்பிக் கைகூப்புகிறோம். சாதியால் நாம் ஒதுக்கிவைத்த சகோதரர்க்கும் அதே கும்பிடு கிடைக்கிறது. அது அவரை ஏற்றுக்கொள்வதா, அழகாகத் தள்ளிவைப்பதா? தொழுநோயாளர்முன் நம் ஆண்டவர் சொல்லால் மட்டும் நலமளித்திருக்கலாம். அவரோ கையை நீட்டித் தொட்டார்.

நாம் குறை கூறுவது கைகூப்புதலை அன்று. அது நம் பண்பாட்டின் செல்வம். ஆனால் 1969-இன் இசைவில் இரண்டாம் வழியும் இருந்ததை நாம் மறந்துவிட்டோம். சமாதானம் தருபவரின் கைகளைப் பெறுபவர் தம் கைகளுக்குள் ஏந்திக்கொள்ளலாம் என்பதே அது. ஆயர் குருவுக்குச் செய்வதைப் பெருவிவசாயி கூலியாளுக்கும், மேற்பார்வையாளர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பலிபீடத்தின்முன் செய்தால் என்ன? காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரரோடு உறவு கொள்ளுமாறு நற்செய்தி பணிக்கிறது. அவ்வுறவைப் பார்வையால் மட்டும் முடித்துக்கொள்ளாமல், பிறர் கையின் வெப்பத்தையும் காய்ப்பையும் நம் கைகள் அறியட்டும். அதன்பின் நாம் கூப்பும் கை பொய் சொல்லாது.