எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் – வேடமேற்று நல்லவராதல் பற்றிய ஒரு நோக்கு

மாசி மாதம் திம்புள்ளப் பிரதேசத்துக்கு இருவகையிற் சிறப்புடையது. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளில் வீசும் வரண்ட குளிர்காற்றினால் இப்பகுதித் தேயிலை தனது உயர்ந்த தரத்தை எய்துவது இக்காலத்திலேயே. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடப்படுவதும் இக்காலத்திலேயே. மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றப்படும். பௌர்ணமி அளவிற் காமன் தகனம் நிகழும். பகலிற் கொழுந்து பறித்தவர்கள் இரவிலே தப்பொலி கேட்டுத் திரள்வர்.

இன்றோ அதே லயங்களில், அதே இரவுகளில், இளைஞர் சிலர் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் வேறொரு வேடத்தைக் கட்டிக்கொள்கின்றனர். வாளேந்திய வீரனாகவோ மந்திரம் வல்லவளாகவோ கற்பனை நாடொன்றிற் புகுந்து, ஏழைக்கு உதவுவதா, அவனைக் கொள்ளையிடுவதா எனத் தெரிவு செய்கின்றனர். பலர் நல்லவராக ஆடுவதையே விரும்புகின்றனர். அவ்வாறு வேடத்தில் நல்லவராயிருத்தலுக்கு அறப்பெறுமதி ஏதேனும் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நாட்டார் கூத்தையும் வணிகப் பண்டமான கணினி விளையாட்டையும் ஒருங்கே வைத்து நோக்குவது தகுமா எனச் சிலர் ஐயுறக்கூடும். கூத்தும் ஒருகாலத்தில் படித்தோரின் கவனத்துக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ முதலாய கூத்துக்களைப் பேராதனை மேடையேற்றிய பின்னரே பல்கலைக்கழகத் திறனாய்வு அதனைப் பொருட்படுத்தத் தொடங்கியது. ஆகவே, ஒரு கலை எங்கிருந்து வந்தது என்பதை விட, அது மனிதரை என்ன செய்விக்கின்றது என்று கேட்பதே பொருத்தமாகும்.

முதலில் விளையாட்டுக்களை நோக்குவோம். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு, பாத்திரமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுக்களுக்கு மூலமாயிற்று. பாத்திரம் ஒழுங்கின் பக்கத்ததா, குழப்பத்தின் பக்கத்ததா, இடைநிலையதா என்பதை ஆடுவோர் குறிக்கவேண்டும் என்ற விதி அதில் அமைந்தது. நன்மை, தீமை என்ற பகுப்பு பின்னர் சேர்ந்தது. இவ்வழியில் வந்த கணினி விளையாட்டுக்களுள் 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் விளையாட்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. கொல்லப்படவேண்டிய பெரும் பகைவன் எவனும் அதில் இல்லை. வாய்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களிலும் தேறி ‘அவதார்’ ஆவதே அதன் குறிக்கோள். அச்சொல் நம் அவதாரமேயாதல் வெளிப்படை.

அதில் மருந்துப் பொருள் விற்கும் கண் தெரியாத பெண்ணொருத்தி வருகின்றாள். விலையை நாமே எண்ணிக் கொடுக்கவேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் பொருள் கிடைத்துவிடும், அவள் அறியாள். ஆயின் விளையாட்டு அறியும். வாய்மைக் கணக்கு மறைவாகக் குறைக்கப்படும். அக்கணக்கின் எண்ணை ஆடுவோர் காணமுடியாது. தன் நிலையை அறிய விரும்புபவர் மன்னனின் கோட்டையிலுள்ள குறிசொல்வோனிடம் சென்று கேட்கவேண்டும். கண்டிப்பார் எவருமின்றித் தனித்திருக்கும்போது ஒருவர் என்ன செய்கின்றார் என்ற பழைய வினாவையே இக்காட்சி எழுப்புகின்றது.

பின்வந்த விளையாட்டுக்கள் பல அக்கணக்கைத் திரைக்கு முன்னே கொணர்ந்தன. 2004இல் வெளிவந்த ‘ஃபேபிள்’ இதற்குத் தக்க சான்று. அதில் நல்லவன் தலையைச் சூழ ஒளிவட்டம் தோன்றும். தீயவனுக்குக் கொம்பு முளைக்கும். கோவிலுக்குப் பொன் கொடுத்தால் நன்மை உயரும். எனவே தீமை செய்து ஈட்டிய பொன்னைக் கொண்டே நன்மையை வாங்கிவிடலாம்.

இவ்விடத்து நம் தோட்டத்துக் கொழுந்து மடுவம் நினைவுக்கு வருகின்றது. அங்கே கூடை தராசில் ஏறுகின்றது. குறித்த நிறை வந்தாற் பேர் விழும். பறித்த கையின் நோவோ, மழையில் ஏறிய மலையின் செங்குத்தோ தராசுக்குத் தெரியாது. நன்மையையும் இவ்வாறு நிறுத்துப் பார்க்கும் விளையாட்டில் ஆடுபவர் நல்லவராவதில்லை, நிறை சேர்ப்பவராகின்றார். ஏழைக்குக் காசு கொடுக்கும்போது அவர் கண் ஏழையின் முகத்தில் இருப்பதில்லை, முள்ளின் மீதே இருக்கின்றது. நற்செயலைப் பெருக்கக் கண்ட பொறியே நற்செயலின் பொருளைக் குறைத்துவிடுகின்றது.

இதனிலும் பாரதூரமானது மீளுதல் என்னும் வசதி. பெரும்பாலான விளையாட்டுக்களில் ஆடுபவர் தாம் வந்தடைந்த இடத்தைச் சேமித்துவைத்து, தெரிவு பிழைத்தால் அவ்விடத்துக்கே மீளலாம். கொன்றவனை உயிர்ப்பிக்கலாம், வஞ்சித்தவளுக்கு வஞ்சனை நிகழாமலே செய்யலாம். செய்த எதுவும் செய்ததாகாத உலகில் துணிவுக்கும் இரக்கத்துக்கும் என்ன விலை?

இவ்வினாவைத் தமிழர் முன்னரே வேறொரு வடிவில் விவாதித்துள்ளனர். தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையையொட்டி லாவணிப் பாடகர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவது மரபு. மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. இது வெறும் வாய்ச்சாலம் போலத் தோன்றினும் அதன் உட்கிடை ஆழமானது. காமன் எரியவில்லையெனின் அவன் புறப்பட்டுச் சென்றதில் இழப்பு எதுவுமில்லை. இழப்பு இல்லையெனின் அது தியாகமும் ஆகாது. சேமித்த இடத்துக்கு மீளும் விளையாட்டுக்கள் யாவும் எரியாத கட்சியைச் சேர்ந்தவை எனலாம்.

மலையகக் கூத்தோ எரிந்த கட்சியின் பக்கமே நிற்கின்றது. தூதன் ஓலை கொண்டுவருகின்றான். தேவர் துயர் தீரச் சிவனின் தவத்தைக் கலைக்கவேண்டும் என்பது அவ்வோலை. ரதி தடுக்கின்றாள், தான் கண்ட தீக்கனவைச் சொல்லி அழுகின்றாள். மன்மதன் அறியாமற் செல்லவில்லை. அறிந்தே செல்கின்றான், எரிகின்றான். அவன் பின்னர் உயிர்பெறுவதும் கதையில் உண்டு. ஆயினும் அவ்வுயிர்ப்பு ரதியின் புலம்பலை இல்லாததாக்குவதில்லை. வேடம் கட்டுபவர் காப்புக் கட்டி விரதம் காத்த பின்னரே களரி புகுவர். தோட்டங்களில் ஆடப்படும் அருச்சுனன் தபசிலும் வேடதாரி உயர்ந்த கம்பத்தின் மீது உண்மையாகவே ஏறுகின்றார். அவ்வுயரம் வேடமன்று, அவருடைய கால்கள் நடுங்கக்கூடிய உயரம். ஊர் முழுதும் அண்ணாந்து பார்த்திருக்கின்றது.

கூத்தில் தெரிவு ஏது? மன்மதன் போகாதிருக்க முடியுமா? முடியாதெனின், போக மறுக்கவும் இடமளிக்கும் விளையாட்டன்றோ அறத்துக்கு அணுக்கமானது? இம்மறுப்பு புறந்தள்ளத் தக்கதன்று. இதற்கு நாம் தரும் விடை இது: கூத்தில் தெரிவு கதைக்குள் இல்லை, காப்புக் கட்டும் கணத்தில் இருக்கின்றது. முடிவை முன்னரே அறிந்த ஒருவர் அம்முடிவைத் தம் உடம்பால் ஊரின் முன் ஏற்க இசைகின்றார். வழிகள் பலவாயிருப்பதனால் மட்டும் அறம் ஆழமாவதில்லை. மீளமுடியாமை, இழப்பு, சாட்சி ஆகிய மூன்றும் கூடுமிடத்திலேயே தெரிவு கனம் பெறுகின்றது.

இம்மூன்றையும் கணினி விளையாட்டும் எய்தமுடியும் என்பதற்கு 2015இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ சான்றாகும். அதில் எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே முடிவுவரை செல்லலாம். ஆயின் கொல்லாதவர் வலிமை பெறுவதில்லை. தொடக்கத்தில் இருந்த அதே சிறிய உயிர்நிலையுடனேயே கடைசிவரை அடிபடவேண்டும். இரக்கம் இங்கே இழப்புடன் வருகின்றது. தொடக்கத்திலே தாய்போற் பேணும் டோரியல் என்னும் பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, மனம் வருந்தி மீண்டும் தொடங்கி அவளைக் காப்பாற்றினால், ஃபிளவி என்னும் மலர் ஆடுபவரை நோக்கி, முன்பு அவர் செய்தது தனக்குத் தெரியும் என்று இடித்துரைக்கின்றது. மீளுதல் நிகழ்ந்தது, ஆயினும் செயல் அழியவில்லை. ஒரு சாட்சி எஞ்சிவிட்டது. இவ்விளையாட்டு எரியாத கட்சியில் பிறந்து எரிந்த கட்சிக்கு மாறியதாகும்.

எனினும் கூத்தின் பக்கம் நின்று வெற்றி முழக்கமிட நாம் விரும்பவில்லை. கூத்து மரபில் ரதி வேடத்தைக் கட்டுபவர் ஆண்மகனே. ஓலையின் ஆபத்தை முதலில் உணர்ந்தவளும், எச்சரித்தவளும், எரிந்தபின் எஞ்சியிருந்து துயரைச் சுமந்தவளும் ரதியே. கூத்தின் அறவுணர்வு முழுவதும் அவளிடத்தே தங்குகின்றது. ஆயினும் அவ்வுணர்வை வாழ்நாளெல்லாம் அறிந்த பெண்கள் களரிக்கு வெளியே அமர்ந்து பார்த்தவர்களாகவே இருந்து வந்துள்ளனர். நல்லவராய் ஆடும் உரிமையே சிலர்க்கு மட்டும் வழங்கப்பட்டிருந்த மரபை, அதன் ஏனைய மாண்புகளைக் காட்டி மன்னித்தல் திறனாய்வாகாது. கணினி விளையாட்டோ இவ்விடத்தில் தாராளமானது. லயத்து அறையொன்றிற் கைத்தொலைபேசியுடன் அமர்ந்திருக்கும் சிறுமியிடம் அது எக்குலம், எப்பால் என்று கேட்பதில்லை. வாளை அவளிடமே கொடுத்து, என்ன செய்யப்போகின்றாய் என்று கேட்கின்றது. அவ்வாறு கேட்கப்படுதலே ஒரு மரியாதை.

தொகுத்து நோக்கின், கூத்து கனத்தைத் தருகின்றது. ஆயின் வேடத்தை எல்லோர்க்கும் தருவதில்லை. விளையாட்டு வேடத்தை எல்லோர்க்கும் தருகின்றது. ஆயின் பெரும்பாலும் கனத்தைத் தருவதில்லை. வேடத்தில் நல்லவராயிருத்தல் அதனளவில் எவரையும் நல்லவராக்குவதில்லை. ஆயினும் அது நன்மையின் நிறையைக் கையில் ஏந்திப் பார்க்கும் ஒரு பயிற்சியாகலாம். அதற்குத் தராசு அகற்றப்படவேண்டும், இழப்பு உண்மையாயிருக்கவேண்டும், பார்த்திருந்தவர் மறவாதிருக்கவேண்டும்.

பிள்ளைகள் விளையாட்டினாற் கெடுகின்றனர் என்று கண்டிப்போரும், கூத்து காலங்கடந்தது என்று புறக்கணிப்போரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருசாராரும் வடிவத்தைப் பார்க்கின்றனரேயன்றி, அது மனிதரிடம் எதனைக் கேட்கின்றது என்று பார்ப்பதில்லை. அடுத்த மாசியில் கம்பம் ஊன்றும்போது ரதியின் சலங்கையை ஒரு பெண் கட்டுவாளாயின், கூத்து தன்னிடம் இல்லாத ஒன்றைப் பெறும். விளையாட்டைப் படைப்போர் காமன் தகனத்தை ஒருமுறை பார்ப்பாராயின், அவர்களும் தம்மிடம் இல்லாத ஒன்றைப் பெறுவர். அதுவரை இரண்டையும் ஒரே வினாவால் அளப்பதே நம் கடன்: இவ்வேடத்தில் எரிந்தது எது?