சிப் சாவியின் நியாயம்
காரின் வெறும் உலோகச் சாவியைச் சாவிக்காரர் சில நிமிடங்களில் நகலெடுத்துத் தருவார். அந்த எளிமை திருடனுக்கும் வசதியானது. சிப் சாவி அதை மாற்றியது. பிடிக்குள் உள்ள சின்னஞ்சிறு சிப்புக்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்கிறது. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி கிளம்புவது இதனால்தான். எவ்வளவு அழகான ஏற்பாடு! பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு, சரியான அடையாளம் கிடைக்காவிட்டால் எஞ்சினைக் கிளப்ப விடாத இம்மொபிலைசர் கட்டாயமானது. சிப் சாவி தொலைந்தால் செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான், சாவியை வெட்டுவதோடு வேலை முடியாது, புதிய சிப்பைக் காரின் கணினியில் பதியவும் வேண்டும். ஆனால் அப்போதே தொலைந்த சாவியின் பதிவைப் பெரும்பாலும் அழித்துவிடலாம். பிறகு அது கதவைத் திறக்கலாம், எஞ்சினைக் கிளப்பாது. சிக்னலை நீட்டித்துத் திருடுகிறார்களே என்றால், அது தூரத்திலிருந்தே பேசும் ஸ்மார்ட் சாவியின் பலவீனம்; துவாரத்தில் நுழைந்தபின் பேசும் சிப்பின் குறையன்று.