வேண்டாம்னு சொல்ற விலை

பதின்வயதுப் பசங்களுக்குக் குடி, கஞ்சா பற்றி நாம் சொல்வது ஒரே வரிதான்: "கூட்டாளிக கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லிப் பழகு." இது போதுமா?

1929-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற மாத இதழை ராஜாஜி நடத்தினார். உதவி ஆசிரியர் கல்கி, குடியின் கேட்டைச் சொல்லும் கதைகளும் எழுதினார். 1937-ல் மதுவிலக்கு முதலில் வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். பிரச்சாரம் வீண் என்று சொல்லிவிட முடியாது.

ஆனா அதே வட்டாரத்துக்காரரான பெருமாள்முருகனின் 'நிழல்முற்றம்' படிச்சப்போ எனக்கு வேறொன்று பிடிபட்டது. சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் சத்திவேலுக்குக் கூட்டாளிகள்தான் குடும்பம். உழைப்பும் உறக்கமும் அவர்களோடுதான். கஞ்சாவும் அந்த உறவுக்குள்ளேயே வருது. கெட்ட சகவாசம், நல்ல சகவாசம் என்று பிரித்துக்காட்ட நாவல் முயல்வதில்லை. ஆறுதல் தரும் கைதான் புகையையும் நீட்டுது.

இளையோர் நாவல் என்று யாரும் இதைச் சொல்வதில்லை. விடலைப் பையனின் நெருக்கடியை இதைவிட நேர்மையாகச் சொன்ன அறிவுரைக் கதை எதையும் நான் படித்ததில்லை. அறிவுரைக் கதையில் பையன் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போவான். சத்திவேல் மறுத்தால் எங்கே போவான்?

விடுதியில் தங்கிப் படிக்கும் பையனுக்கும் கேள்வி இதேதான். வேண்டாம்னு சொன்ன ராத்திரி அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான்? அதற்குப் பதில் இல்லாத அறிவுரை காதோடு நின்னுபோகும்.