கைத்தட்டலை மட்டும் திருத்தவில்லை

விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1965 மே 9ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் கொடுத்த பியானோ கச்சேரிக்கு இரண்டு ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. ஒன்று அதே வருஷம் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டு. கிராமி பரிசெல்லாம் வாங்கியது. இன்னொன்று 2003இல் சோனி வெளியிட்டது. ஒரே மாலை, ஒரே ஆள், ஒரே பியானோ. அப்புறம் எதுக்கு இரண்டு? முதல் தட்டில் சில இடங்களைத் திருத்தியிருந்தார்கள், குறிப்பாக ஷூமானின் ஃபாண்டஸியில். 2003இல் வந்ததில் வெட்டு ஒட்டு கிடையாது, அரங்கில் கேட்டது கேட்டபடி இருக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் என்னை உறுத்துவது பிசகுகள் அல்ல, கைத்தட்டல். திருத்திய தட்டிலும் ஜனங்கள் தட்டுகிறார்கள். எதற்குத் தட்டினார்கள்? அன்றைக்குக் காதில் விழுந்த வாசிப்புக்கு. அந்த வாசிப்பு அந்தத் தட்டில் முழுசாக இல்லை. வாசிப்பை மாற்றிவிட்டு, அதற்குக் கிடைத்த பாராட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். கையெழுத்தை வாங்கின பிறகு பத்திரத்தில் நாலு வரியை மாற்றி எழுதுகிற மாதிரி.

கொஞ்சம் பின்னணி சொன்னால்தான் இதன் கனம் புரியும். ஹோரோவிட்ஸ் 1953இல் மேடையை விட்டுப் போனவர். பன்னிரண்டு வருஷம் பொதுக் கச்சேரியே இல்லை, சில தட்டுகள் மட்டும் பதிவு செய்தார். திரும்பி வருகிறார் என்று அறிவிப்பு வந்ததும் டிக்கெட்டுக்காக இரவெல்லாம் தெருவில் வரிசை நின்றது. அவர் மனைவி வாண்டா (கண்டக்டர் டோஸ்கனினியின் மகள்) வரிசையில் நின்றவர்களுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். கார்னகி ஹாலில் சுமார் 2,800 பேர் உட்காரலாம். அவர் மேடைக்கு வந்ததும், ஒரு சுரம் வாசிப்பதற்கு முன்பே, அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். இது எந்த வாசிப்புக்குமான பாராட்டு இல்லை. பன்னிரண்டு வருஷ பாக்கி.

பிறகு உட்கார்ந்து பாக்கின் சி மேஜர் டொக்காட்டாவை, புசோனி பியானோவுக்கு மாற்றி எழுதிய வடிவத்தில் ஆரம்பிக்கிறார். ஆரம்பித்த சில வினாடிகளிலேயே ஒரு பிசகு. 61 வயது மனிதர், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, எடுத்த எடுப்பிலேயே விரல் தவறான கட்டையில் விழுகிறது. அதற்கப்புறம் நடப்பதுதான் கேட்க வேண்டியது. அவர் தயங்கவில்லை, வேகத்தைக் குறைத்து ஜாக்கிரதையாகப் போகவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் விரல்கள் நிலைக்கு வந்துவிடுகின்றன. அரங்கில் இருந்தவர்களுக்கு அந்தக் கணம் வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதர் ஏன் போனார் என்பதும், இப்போது திரும்பி வர என்ன தைரியம் வேணும் என்பதும் அந்த ஒரு தப்பு நோட்டில் தெரிந்துவிடுகிறது.

ஃபாண்டஸி இன்னும் கஷ்டம். அதன் இரண்டாம் பகுதி முடிகிற இடத்தில் இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசையில் வேகமாகத் தாவிக்கொண்டே இருக்கணும். பியானோக்காரர்கள் ராத்திரி கனவில் காண்கிற இடம் அது. மேடையில் அதைச் சுத்தமாக வாசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஹோரோவிட்ஸும் அன்றைக்கு அதில் சறுக்கினார். திருத்தாத பதிவில் அதைக் கேட்கிறபோது, ஜெயிப்பாரா மாட்டாரா என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது. திருத்திவிட்டால் கேள்வியே போய்விடுகிறது. அருமையான வாசிப்பு, கூடவே பின்னால் எங்கேயோ ஒரு கூட்டம் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான்.

கம்பெனி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரங்கில் ஒரு பிசகு ஒரு வினாடியில் போய்விடும். தட்டில் அது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். அம்பதாவது தடவை கேட்கிறவருக்கு அது சோற்றில் கல். சரி, அப்படியென்றால் அந்தப் பகுதியை ஸ்டூடியோவில் பதிவு செய்து ஸ்டூடியோ பதிவு என்றே விற்றிருக்கலாமே! சரித்திரப் புகழ்பெற்ற மறுவருகை என்று அட்டையில் போட்டு, சரித்திரத்தில் கை வைப்பது வேற கதை.

இந்த விஷயத்தில் க்ளென் கூல்ட் எவ்வளவோ நேர்மையானவர். 1962இல் கைத்தட்டலையே தடை செய்யணும் என்று கட்டுரை எழுதினார். 1964 ஏப்ரலில், 31 வயதில், கச்சேரி மேடையையே விட்டார். அதற்கப்புறம் ஸ்டூடியோதான். பாக்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றை இரண்டு வேறு வேறு பதிவுகளை வெட்டி ஒட்டித்தான் செய்தேன் என்று அவரே விளக்கி எழுதியிருக்கிறார். ஒளிவுமறைவு இல்லை. அந்த ஃபியூக் முடிகிறபோது யாரும் தட்டுவதும் இல்லை. 1980இல் இந்த ஹோரோவிட்ஸ் தட்டையே நையாண்டி செய்து ஒரு ஒலிநாடகம் பண்ணினார்: ஆர்க்டிக் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் கச்சேரி, கடைசியில் கைத்தட்ட மிச்சம் இருப்பது ஒரு சீல் மட்டும். சிரிப்பு வரும், ஆனால் அடி சரியான இடத்தில்தான் விழுகிறது.

ஆனாலும் கூல்டோடு என்னால் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. ரசிகர் கூட்டத்தை அவர் ரத்தம் பார்க்க வந்த கூட்டமாகவே பார்த்தார். விழுவானா என்று பார்க்க வந்தவர்கள் என்பது அவர் கட்சி. 1965 பதிவில் கேட்கிற கூட்டம் அப்படி இல்லை. விழக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற கூட்டம் அது.

மூச்சைப் பிடிக்காத கூட்டமும் உண்டு. ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர் 1958 பிப்ரவரியில் பல்கேரியாவின் சோபியாவில் முசோர்க்ஸ்கியின் சித்திரக் கண்காட்சியை வாசித்த பதிவு பிரசித்தம். அந்த இருமலும் அதே அளவு பிரசித்தம். குளிர்காலம், ஊரே சளி பிடித்து வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒலிநுட்பத்தால் இருமலைச் சுரண்டி எடுத்துத் தந்தாலும் எனக்கு வேண்டாம். அந்த இருமலுக்கு நடுவில் அப்படி ஒரு நிதானத்தோடு வாசிக்கிறார் என்பதுதான் சேதி.

ரசிகர்களைத் தூக்கிப் பிடித்து இவ்வளவு எழுதிவிட்டு 1983 டோக்கியோவைத் தாண்டிப் போக முடியாது. ஹோரோவிட்ஸ் முதல் முறையாக ஜப்பான் போனார். மேல்வகுப்பு டிக்கெட் 50,000 யென். அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்த மருந்துகளின் பாதிப்பு விரல்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. கச்சேரி தொலைக்காட்சியில் வந்தது, பார்க்கவே சங்கடமாக இருக்கும்: ஞாபகம் தடுமாறுகிறது, கொத்துக் கொத்தாகத் தப்பு நோட்டுகள். அரங்கம் தட்டியது! விமர்சகர் யோஷிதா ஹிதெகாஸுதான் அவரை விரிசல் விட்ட பழம்பொருள் என்று சொன்னார். கொடூரமான வார்த்தைதான், ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்ததைக் காது கொடுத்துக் கேட்டவர் சொன்னது. தட்டியவர்கள் பெயருக்கும் டிக்கெட் விலைக்கும் தட்டினார்கள். ஹோரோவிட்ஸே பிறகு மருந்துகளை விட்டு, 1986இல் திரும்பவும் டோக்கியோ போய் ஒழுங்காக வாசித்துக் காட்டினார். அன்றைய கைத்தட்டலைவிட அந்த ஒரு வசவை அவர் மரியாதையாக எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே பிசகுகள்தானே, 1965இல் மட்டும் ஏன் மன்னிப்பு என்று கேட்கலாம். அதே பிசகுகள் இல்லை. 1965இல் தப்பு நோட்டுக்கு இரண்டு பக்கமும் இசை இருக்கிறது. வாக்கியம் எங்கே போகிறது என்று வாசிப்பவருக்குத் தெரியும், நடுவில் ஒரு எழுத்துதான் தவறுகிறது. 1983இல் வாக்கியமே இல்லை.

டோக்கியோவுக்குத் திரும்பும் முன், 1986 ஏப்ரல் 20 அன்று, மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் வாசித்தார். 1925இல் நாட்டை விட்டுப் போனவர், 61 வருஷம் கழித்து, 82 வயதில். முன்வரிசையில் அழைப்பின் பேரில் வந்த பெரிய மனிதர்கள். டிக்கெட் கிடைக்காத மாணவர்கள் காவலைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து மாடிப் படிகளில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். என்கோர்களில் ஒன்று ஷூமானின் ட்ராய்மெராய். மூன்று நிமிஷம்கூட இருக்காது. பியானோ கற்றுக்கொள்கிற பிள்ளைகள் நாலைந்து வருஷத்தில் வாசித்துவிடுகிற உருப்படி, தாவலோ வேகமோ எதுவும் கிடையாது. 1965 கார்னகி கச்சேரியையும் அவர் இதில்தான் முடித்தார்.

வீடியோவில் கேமரா ரசிகர்கள் பக்கம் திரும்புகிறது. நடுவயதுக்காரர் ஒருவர், முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை, கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்குகிறது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. கடைசி சுரம் அடங்கி, கட்டையிலிருந்து கை எழும்புகிறவரை யாரும் தட்டவில்லை.