பசித்த பேய்களும் நம் பணியும்: ஒரு மதிப்பீடு

குடியைப் பாவமென்று கண்டித்துப் பிரசங்கித்தால் நம் கடமை முடிந்ததா? ‘பசித்த பேய்கள்’ என்னும் பௌத்த உருவகத்தைத் தலைப்பிற் கொண்டு, கனடா நாட்டு மருத்துவர் காபோர் மாத்தே 2008-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வினாவை எழுப்புகிறது. வான்கூவரின் வறிய பகுதியில் போதைக்கு அடிமையானோரிடையே பணியாற்றிய அவர், அதன் வேரைக் குழந்தைப் பருவக் காயங்களிலும் அன்புப் பிணைப்பின் குறைவிலும் காண்கிறார். கண்டிக்குமுன் வேதனையைக் கேட்கச் செய்வதே நூலின் சிறப்பு.

ஆயினும் காயத்தையே முதற்காரணமாக்குவது மிகை. மரபுக்கூறும், மது எளிதிற் கிடைத்தலும் காரணங்களே. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்று வருகிறது. மேலும், நூல் காட்டுவோர் பெரும்பாலும் உறவறுந்த மாநகர மாந்தர். மாகறல் போன்ற சிற்றூரிலோ குடிப்பவர் மனைவி மக்களோடு வாழ்கிறார். நூலின் கருத்துப்படியே, அவ்வீட்டுக் குழந்தை இன்று பெறும் காயம் நாளைய அடிமைத்தனத்துக்கு வித்தாகலாம்.

சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1989-இல் மஞ்சக்குடியில் தொடங்கிய கிராம முகாமில் குடும்பத்தாரையும் ஊராரையும் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தது. ஆயர்கள் இந்நூலைக் கற்பது நன்று. கற்றபின் குடிப்பவரோடு அவர் பிள்ளையையும் விசாரிப்பது அதனினும் நன்று.